உட்கார்ந்தவர்களை எழுப்பியவன்

ஒற்றைத் தீக்குச்சியில் ஒரு வேலைநிறுத்தத்தையே முடித்துவைத்த ஆள் இந்தியாவில் நான் ஒருவன்தான், மேடம். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சூலக்கரை கலெக்டர் அலுவலகத்து டீ நன்றாகவே இருக்கிறது, சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

என் பெயர் கனகசபாபதி. எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது அந்த நாற்காலியில் இருக்கும் சபரிநாதன் என் அக்காள் மகன். கெட்டிக்காரன். வார்டில் வேலை பார்க்கும் பெண்கள் உட்கார்ந்தால் சோம்பல் வரும் என்று, இருந்த ஸ்டூல்களையெல்லாம் ஓர் அறையில் போட்டுப் பூட்டினான். தரையில் உட்கார்ந்தவளை நோயாளிகள் முன்னால் எழுப்பி, சுவரைப் பார்த்து நிற்கவைத்தான். நிறைமாசக்காரி ஒருத்தி நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தாள். நடிப்பு என்றான். நிர்வாகத்தில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும்தானே.

மேலிடத்துக்கு மனுக் கொடுத்துப் பார்த்தார்கள். மனு ஊரெல்லாம் சுற்றிச் சபரிநாதன் மேசைக்கே வந்து சேர்ந்தது. அப்புறம்தான் வேலையை விட்டுவிட்டு, வாசலில் சைக்கிள் நிறுத்தும் தகரக்கொட்டகையில் போய் உட்கார்ந்தார்கள். கோஷம்கூட இல்லை. அவர்களில் மூத்தவள் கருப்பம்மாள். மகன் முனியராஜ் பட்டாசுக் கம்பெனியில் வேலை. "உக்காரக் கூடாதுன்னாருல்ல, உக்காந்தே காமிப்போம்" என்றாள்.

சபரிநாதன் என் வீட்டுக்கு வந்தான். "மாமா, மானம் போகுது. எந்திரிக்கவே மாட்டேங்காளுக."

"எந்திரிக்க வச்சிருவோம்லே" என்றேன்.

எங்கள் பக்கத்தில் எங்காவது 'டம்' என்று கேட்டால் ஜனங்கள் முதலில் வானத்தில் புகை தேடுவார்கள், பிறகு வீட்டுக்குப் போன் போடுவார்கள். ஆஸ்பத்திரிப் பெண்கள் அதுகூடச் செய்ய மாட்டார்கள். நேரே தீக்காய வார்டுக்கு ஓடுவார்கள். கட்டிலை இழுத்துப் போட்டு, வெந்த உடம்பைக் கிடத்த வாழையிலையைக் கழுவி விரித்து, வண்டி வருவதற்குள் எல்லாம் தயாராக இருக்கும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. எல்லார் வீட்டிலும் ஓர் ஆள் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறதே. இது எனக்குத் தெரியும், சபரிநாதனுக்குத் தெரியாது. அனுபவம் என்பது அதுதான்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு பழைய இரும்புத் தண்ணீர்த்தொட்டி கிடக்கிறது. தீபாவளிக்கு மிஞ்சிய பெரிய வெடிகளை அதற்குள் வைத்தேன். சத்தம் எப்படி என்கிறீர்கள்? மல்லாங்கிணறு வரைக்கும் எருமைகள் ஒரு வாரம் பால் மறந்துவிட்டன. என் ஒரு பக்கப் புருவம் அன்று போனதுதான், இன்னும் முளைக்கவில்லை, பாருங்கள்.

அத்தனை பேரும் ஓடினார்கள். செருப்பும் தூக்குவாளியும் கொட்டகையிலேயே கிடந்தன. வார்டில் இலை விரித்துக்கொண்டிருந்தவர்களைச் சபரிநாதன் செல்போனில் படம் எடுத்து, ஊழியர்கள் தாமாகவே பணிக்குத் திரும்பிவிட்டார்கள் என்று மேலே அனுப்பினான். வண்டி எதுவும் வரவில்லை. வெறும் கட்டில்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆமாம், நின்றார்கள். ஒருவருக்கும் சின்னக் கீறல்கூட இல்லை.

இப்படி ஒரு காரியத்தைச் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா, மேடம்? டீக்கடையில் சொன்னேன். அவர்கள் மறுபடி கொட்டகைக்கு வந்து உட்கார்ந்ததும் நானே போய் விளக்கமாகச் சொன்னேன். புருவத்தையும் காட்டினேன்.

கருப்பம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க வயித்துல நெருப்பள்ளி வச்சு வெளாண்டுட்டீகளே, அய்யா. இனி எந்தச் சத்தத்துக்கும் இந்த எடத்த விட்டு எந்திரிக்க மாட்டோம்."

எல்லாரும் நம்பினார்கள், ஒருத்தியைத் தவிர. பாண்டிச்செல்வி. வாய் கொஞ்சம் அதிகம்.

"இவுகளா? பீடி பத்த வைக்கையிலேயே கை அந்த ஆட்டம் ஆடும். புருவம் அடுப்புல பொசுங்கிருக்கும். எங்கனயோ கம்பெனில வெடிச்சதுக்கு இவுக பேரு வாங்கப் பாக்காக."

கொட்டகையே சிரித்தது. எனக்கு அது மனசில் முள்ளாகக் கிடந்தது.

சில நாள் கழித்து, மத்தியானத்தில் கிழக்கே ஒரு சத்தம். நான் எதிரே டீக்கடையில் இருந்தேன். கொட்டகையில் ஒருவரும் அசையவில்லை. கருப்பம்மாள் அங்கிருந்தே கத்தினாள்: "என்னய்யா, இந்தத் தடவ ஆள் வச்சுப் போட்டீகளோ?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டடம் மறைப்பதால் கொட்டகையிலிருந்து கிழக்கு வானம் தெரியாது. டீக்கடையிலிருந்து தெரியும். புகை நல்ல கறுப்பாக எழும்பிக்கொண்டிருந்தது. நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அத்தனை பேர் நம்பிக் கேட்கும்போது எப்படி இல்லை என்பது? இன்னொரு புருவத்தைத் தடவிவிட்டுச் சிரித்தேன். அவ்வளவுதான். வேறு ஒன்றும் செய்யவில்லை.

பாண்டிச்செல்வி மட்டும் எழுந்தாள். "ஏ, இது இவுக போட்டதில்லடி, எந்திரிங்கடி!"

"உக்காருடி. உள்ள அந்தாளு படம் புடிக்கக் காத்துக்கிட்டிருப்பான்" என்றாள் கருப்பம்மாள்.

அவள் மட்டும் ஓடினாள். டாக்டரும் நர்சும் இருந்தார்கள், கட்டில் இழுக்கவும் ஸ்ட்ரெச்சர் தள்ளவும்தான் ஆள் இல்லை. ஒருத்தியாக அவளால் இரண்டு கட்டில்தான் போட முடிந்தது. முதல் வண்டியில் வந்தவர்களோடு அவை நிறைந்தன. அடுத்த வண்டியில் வந்தவர்களை வராந்தாத் தரையில் கிடத்தினார்கள். அதில் முனியராஜும் ஒருவன். வண்டியைக் கண்ட பிறகே எழுந்த கருப்பம்மாள் இலையைக் கழுவிக்கொண்டு ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. எப்படியும் பிழைத்திருக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்வி. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

சத்தம் கேட்டும் எழுந்து வரவில்லை என்று இப்போது எல்லாரையும் வேலையை விட்டு எடுக்கப் போகிறார்கள், கருப்பம்மாளை முதலில். எழுதிக் கொடுத்தவன் சபரிநாதன். பேப்பரிலும் அப்படியே வந்தது. என் பெயர் ஒரு வரியில்கூட இல்லை. அதனால்தான் பஸ் ஏறி நானே வந்தேன்.

இன்னும் சிரிக்கிறீர்களே. வெளியே பாண்டிச்செல்வி விசாரணைக்கு வந்து நிற்கிறாள், கூப்பிட்டுக் கேளுங்கள். அவள் ஒத்துக்கொண்டால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

வா தாயி. மேடம் நாற்காலி காட்டுகிறார்களே, உட்காரேன். மாட்டாயா, சரி. என் முகத்தை ஏன் பார்க்கிறாய், மேடத்தைப் பார்த்துச் சொல்லு. முதல் வெடியைப் போட்டது யார்?

"இவுகதான் போட்டாக, மேடம். பொறவு போயித் தொட்டிய எட்டிப் பாத்துட்டேன், உள்ள பூராம் கரி. நெசமாவே நடந்துருக்கு. நான்தான் நம்பல. அன்னைக்கே நம்பியிருந்தா, ரெண்டாவது சத்தத்துக்கு நானும் அவுகளோட அங்கனயே உக்காந்திருப்பேன்."