வெள்ளிக்கிழமைக் கேக்

ஆப்பிள் கேக் செய்வதில் யெப்பேயை மிஞ்ச எங்கள் வகுப்பில் ஆள் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன்மேல் எனக்குப் பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது. கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொல்கிறேன், அதிகாரி அம்மா. எனக்கு அவசரமில்லை.

ஆல்போர்க் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிப்பவர்கள் தனியாகப் படிப்பதில்லை. பருவத்துக்கு ஒரு குழு, குழுவுக்கு ஓர் அறை, எல்லாருக்குமாக ஒரே புரோகிராம். நான், யெப்பே, சிக்னே என்ற பெண், மூவரும் ஒரு குழு. செப்டம்பரில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பொதுப் புரோகிராமை யார் கெடுக்கிறாரோ அவர் வெள்ளிக்கிழமை கேக் கொண்டுவர வேண்டும் என்று அதில் ஒரு விதி. எல்லாக் குழுவிலும் இருப்பதுதான்.

என் படிப்பு முறை எளிமையானது. ஐந்தரைக்கு எழுவேன். முந்தின நாள் குறிப்பைக் கையால் திரும்ப எழுதுவேன். புரோகிராமில் ஒரு வரி எழுதினால், அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்க மூன்று சோதனை எழுதுவேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நம்புகிறவன் நான். யெப்பே பத்தரைக்கு வருவான். சைக்கிள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து நாற்பது வரி அடிப்பான். சோதனையும் கிடையாது, குறிப்பும் கிடையாது. நாற்பதும் பிழையில்லாமல் ஓடும்.

அது எனக்கு வலித்தது. அவனுக்காகத்தான் வலித்தது. இப்படிப் பழகியவன் நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் புரோகிராம் எழுதினால் யார் தலையில் விடியும்? நெறிமுறைப் பாடத்தில் நான் பன்னிரண்டு வாங்கியவன். அதற்கு மேல் மதிப்பெண்ணே கிடையாது. அவன் அந்தப் புத்தகத்தைப் பிரித்தும் பார்க்கவில்லை.

நம் ஊரில் யாரும் கணினியைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போவதில்லை. தூங்கும் குழந்தையையே வண்டியோடு கடை வாசலில் விட்டுவிட்டு உள்ளே காபி குடிக்கிறவர்கள் நாம். அக்டோபரில் ஒரு புதன்கிழமை அவர்கள் இருவரும் கேண்டீனுக்குப் போன நேரம், அவன் கணினியில், அவன் பெயரிலேயே, ஒரே ஒரு குறியை மாற்றினேன். சோதனை எழுதுகிறவனாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்திருப்பான். அவன் கேக் கொண்டுவந்தான்.

"இந்தாங்கப்பா, குற்றவாளி கையால சுட்டது. தின்னுட்டு மன்னிச்சிடுங்க."

"நீ வாராவாரம் கெடுடா யெப்பே, எங்களுக்கென்ன நஷ்டம்?" என்று சிரித்தாள் சிக்னே.

வாராவாரம் கெட்டது. நான் இரண்டு துண்டு சாப்பிடுவேன்.

நவம்பரில் அவன் மாறினான். நோட்டு ஒன்று வாங்கினான். எழுதிய ஒவ்வொரு வரியையும் அதில் நகல் எடுத்துத் தேதி போட்டான். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது; அதை மறைப்பானேன். அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். ஒரு பழக்கம் படிய நாளாகும். அது படிகிறதா என்பதை அட்டவணை போட்டுக் கவனித்துவந்தேன். அதில் அவன் பெயர் இருக்காது, 'நபர் ஒன்று' என்றுதான் இருக்கும். ஒருவருடைய அந்தரங்கம் காக்கப்பட வேண்டும்.

அவன் தாயைப் பற்றித் தெரியுமா என்றும் கேட்டீர்கள். தெரியும். நாற்பத்தாறு வயதில் அந்த அம்மாளுக்கு நினைவு தப்பத் தொடங்கியது. இப்போது காப்பகத்தில் இருக்கிறார். பெற்ற மகனைத் தபால்காரன் என்று நினைக்கிறார். பிள்ளைக்கும் இறங்கக்கூடிய நோய், பாதிக்குப் பாதி வாய்ப்பு. தனக்கு இருக்கிறதா என்று அவன் பரிசோதித்துக்கொள்ளவில்லை. இதையெல்லாம் ஒப்பந்தம் எழுதிய அன்றே அவன் வாயால் சொல்லியிருந்தான்.

ஜனவரியில், தேர்வுக்கு முந்தின வியாழக்கிழமை, நோட்டை என் முன்னால் வைத்தான். பக்கத்திலேயே கணினியையும் திறந்து வைத்தான்.

"தோர்கில், உனக்குப் பொய் சொல்ல வராது. நோட்டுல ஒண்ணு இருக்கு, இங்க வேற ஒண்ணு இருக்கு. கணினிப் பதிவுல என் பேருதான் இருக்கு. இத நானாடா எழுதினேன்?"

"நீதான் எழுதின."

"நிச்சயமா?"

"பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன். என் கண்ணால பார்த்தேன்."

அவன் நோட்டை மூடினான். "அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது," என்றான். பிறகு, "நேரா சொன்னியே, அதுக்கு நன்றி. சிக்னேயா இருந்தா மழுப்பியிருப்பா," என்றான்.

மறுநாள் மேஜைமேல் கேக் இருந்தது. அவன் இல்லை. திங்கட்கிழமை ஃபியோர்டுத் தண்ணீரில் உடல் கிடைத்தது.

பன்னிரண்டு மாற்றங்களும் புதன்கிழமை பதினொன்று நாற்பதுக்கே, அவர்கள் இருவரும் கேண்டீனில் இருக்கும் நேரத்தில், பதிவாகியிருப்பதை வைத்து என்னைப் பிடித்தீர்கள். ஒழுங்கு என் பலவீனம். இறந்தபின் செய்த பரிசோதனையில் அந்த நோய் அவனுக்கு இல்லவே இல்லை என்று தெரிந்ததாகவும் சொன்னீர்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. அவன் நினைவில் ஒருநாளும் குறை இருந்ததில்லை. பன்னிரண்டு முறையும் மாற்றியது நான்.

ஆனால் அவனைக் கொன்றதாக மட்டும் எழுதாதீர்கள். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அடிப்படையான நெறி ஒன்று உண்டு: பங்கேற்பவர் காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். அவன் விலகிக்கொண்டான். நான் தடுக்கவில்லை.