ராக்கெட் போனாத்தான் அவரைக்கொட்டை

...அப்ப நான் என்ன கூறுகெட்டவளா? ராக்கெட் ஏவுற எடத்துல இருந்து போன் போட்டுச் சொல்றான், "மிஸ் ஓர்லீன், நாளைக்குக் காலையில ஏவுறோம், வழக்கம்போல அவரைக்கொட்டை ஆக்கி அனுப்பிருங்க"ன்னு. வழக்கம்போலவாம்! ஆளுங்களோட போன அந்த ராக்கெட் வெடிச்சு ரெண்டரை வருசம் ஆச்சு, அதுக்கப்புறம் ஒரு ஆளும் மேல போகல. இந்த ஊர்ல பாதி மோட்டல் பூட்டிக் கெடக்குது. இவனுக்கு வழக்கமாம்! நீயே சொல்லு டெல்பர்ட்டு. கப்ப என்னத்துக்கு உத்துப் பாக்குறே? காப்பியாவது சூடா ஊத்தட்டுமா? காலையில வந்து உக்காந்த, இன்னும் முதல் கப்பே முடிக்கலையே ராசா.

எவன் கண்டுபுடிச்சானோ இந்தச் சம்பிரதாயத்த! ராக்கெட் நல்லபடியா மேல போனாத்தான், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏவுதளத்துல உக்காந்திருக்கிற அத்தனை பெரிய படிப்புக்காரனும் அவரைக்கொட்டையும் சோள ரொட்டியும் சாப்பிடுவானாம். அதுக்கு முன்னாடி ஒரு கரண்டி தொடக்கூடாதாம். சரி, தின்னு தொலைங்க. ஆனா கொட்டைய முந்தின நாளே ஊறப்போடணும். அப்புறம் பன்னிக்கால் எலும்பப் போட்டு மணிக்கணக்கா வேகவைக்கணும். எல்லாம் ஆன பிறகு போன் வரும். "இன்னிக்கு இல்லைங்க, மழை." மறுநாள், "இன்னிக்கும் இல்லைங்க, காத்து." அப்புறம், வெடிச்ச அந்த வாரம் ஒரு நாள், ராக்கெட் கதவுல ஒரு போல்ட்டு கழல மாட்டேங்குதாம்! சிரிக்காத! உள்ள பாவம், ஆளுங்க மல்லாக்கப் படுத்துக் கெடக்கிறாங்க, இவனுங்க ரம்பத்தத் தேடுறானுங்க. இங்க என் வீட்டுக்காரன் ஹூபர்ட்டு அண்டா நெறைய அவரைக்கொட்டைய வச்சுக்கிட்டு முழிக்கிறான். அந்த வாரம் இந்தக் கடைக்கு வந்தவன் எல்லாருக்கும் அதேதான். பான்கேக் கேட்டவனுக்கும் அவரைக்கொட்டை சூப்புதான்!

ஊரே கேலி பண்ணுச்சு, ஞாபகம் இருக்கா? டிவிக்காரன் பண்ணினான். பல் டாக்டர் பண்ணினான், என் வாய்க்குள்ள கைய விட்டுக்கிட்டே பண்ணினான். "இவனுங்க எங்க ஏவப் போறானுங்க"ன்னான். இப்ப அதே மனுசன் என்ன சொல்றான்னு கேட்டியா? "வெடிச்ச அன்னிக்குக் குளிரப் பாத்ததுமே எனக்குத் தெரியும் மிஸ் ஓர்லீன், நான் அப்பவே சொன்னேன்"ங்கிறான்! யார்கிட்ட சொன்னே? என் கடைவாய்ப் பல்லுகிட்டயா? தூண்டில் கடைக்காரனுக்கும் அப்பவே தெரியுமாம். ஆரஞ்சுத் தோப்புக்காரன், பஸ் ஓட்டுறவன், பாதிரியார் பொண்டாட்டி, எல்லாருக்கும் தெரியுமாம். ராக்கெட்டுல ஏதோ ரப்பர் வளையம் குளிர்ல வெறச்சுப் போச்சுன்னு பேப்பர்ல வந்த மறுநாள்ல இருந்து இந்த ஊர்ல ரப்பர் தெரியாத ஆளே கிடையாது! இவ்வளவு அறிவாளிங்க என் கடையில தின்னுட்டுப் போறாங்கன்னு தெரிஞ்சிருந்தா ஆம்லெட்டுக்கு ரெண்டு மடங்கு வாங்கியிருப்பேன்.

ஏய் ஹூபர்ட்டு! என்னமோ தீயுது பாரு!

எங்க விட்டேன்... ஆங். எல்லாரும் சொன்னாங்களாம். நான் கேட்டது ஒருத்தன் வாயிலதான். முந்தின நாள் சாயங்காலம், இதே ஸ்டூல்ல. "ரொம்பக் குளிரப் போகுது மிஸ் ஓர்லீன், எனக்கு மனசே சரியில்ல"ன்னு காப்பி கப்பப் பாத்துக்கிட்டுச் சொன்னே. முகத்தத் திருப்பாத. நான் யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். மறுநாள் பாலத்துக்கு அந்தப் பக்கம் போயி, உன் மேசையில காதுல அந்த மிஷின மாட்டிக்கிட்டு உக்காந்தே. ராக்கெட்ட ஏவலாமான்னு மேசை மேசையா கேட்டுக்கிட்டே வந்தாங்க, தயாரா, தயாரா, தயாரான்னு. உன் மேசை வந்துச்சு. "தயார்"ன்னே. அம்புட்டுதானே? உன் மேசை ரேடியோ மேசை! ரேடியோ நல்லாத்தானே இருந்துச்சு! வளையத்துக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்? தலைய ஆட்டாத. குளிரப் பத்தி அங்கயே சொல்லியிருக்கணும்னுதானே ஆட்டுறே, எனக்குப் புரியுது, அதுதான் எரிச்சலா வருது.

நாங்க என்ன ஒழுங்கா? இதோ இந்த வாசல்லதான் நின்னோம். ராக்கெட் மேல போயி ரெண்டாப் பிரிஞ்சு வெள்ளையா சுருட்டிக்கிட்டுப் போச்சா... கை தட்டினோம் ராசா. அப்படித்தான் போகும்போலன்னு நெனச்சு, கரண்டியக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நான் கை தட்டினேன். அப்புறம் ரேடியோவுல வர்ணனை சொன்ன ஆளு பேச்ச நிறுத்திட்டான், அப்பத்தான் வெடிச்சதே எங்களுக்குப் புரிஞ்சுது. இன்னிக்கும் யாராவது கை தட்டினா நான் அடுப்படிக்குள்ள போயிடுறேன்.

சாயங்காலம் அண்டாவத் திருப்பிக் கொண்டாந்தது நீ. மூடி திறக்கவே இல்ல. "யாரும் சாப்பிடல"ன்னு சொல்லி வச்சே. அன்னிக்கு மூடின வாய்தான். வேலையையும் மாத்திக்கிட்டு, ஏதோ கிடங்குல திருகாணி எண்ணிக்கிட்டு இருக்கே. இப்ப அந்த மேசைக்கு உன்ன விட்டா ஆளு இல்லைன்னு கூப்பிடுறாங்க. இந்நேரம் நீ அங்க இருக்கணும். இங்க உக்காந்து என் ஸ்டூலத் தேய்க்கிறே! போகலைன்னா என்ன ஆகும்? வேற ஒரு பொடியன உக்கார வைப்பாங்க. அவனுக்கு மனசு சரியில்லாமப் போகுமா? போகாது! நல்லாத் தூங்கி எந்திரிச்சு வந்து "தயார்"ம்பான். மேல போறவங்களுக்கு அவன் வேணுமா, நீ வேணுமா? எனக்கென்ன தெரியும், நான் முட்டை உடைக்கிறவ...

இரு, போன் அடிக்குது. அவனுங்களாத்தான் இருக்கும்.

ஹலோ... ஆமா, ஓர்லீன்தான்... அவரைக்கொட்டையா? இன்னும் முடிவு பண்ணல, அவசரப்படுத்தாதீங்க... யாரு, டெல்பர்ட்டா? இங்கதான் இருக்கான், காலையில இருந்து இங்கதான் இருக்கான். நீங்களே பேசுங்க. டெல்பர்ட்டு, இந்தா, உனக்குத்தான்...

அட! எங்க போனான்? ஹூபர்ட்டு! டெல்பர்ட்டப் பாத்தியா? தொப்பியக் காணோம்... வண்டிய எடுத்துட்டான்! நான் மூச்சு முட்டப் பேசிக்கிட்டிருக்கேன், பூனையாட்டம் நழுவிட்டான் பாரு! எந்தப் பக்கம் திரும்புறான்? வலப்பக்கம்னா வீடு... எடம்! எடப்பக்கம் திரும்புறான் ஹூபர்ட்டு, பாலத்துக்குப் போறான்! சனியனே, சொல்ல வந்தத இன்னும் சொல்லவே இல்லையே! கதவ விடு, தள்ளு...

டெல்பர்ட்டு! ஏய்! உன் முறை வரும்போது மனசுக்கு வேண்டாம்னு பட்டுச்சுன்னா, வேண்டாம்னு சொல்லு! சத்தமாச் சொல்லு! எவன் முறைச்சாலும் சொல்லு! இங்க அவரைக்கொட்டை வீணாப் போறது கெடக்குது, நான் தெனம் ஊறப்போடுறேன்! கேக்குதா? தெனம் ஊறப்போடுறேன்!

...வண்டிக் கண்ணாடிய ஏத்தி விட்டிருந்தான். ஹூபர்ட்டு, இங்க வா. நெசத்தச் சொல்லு. கேட்டிருக்கும்ல?