ஏழாவது இடுக்கு

கேமராவில் இருக்கும் ஹெச்டிஆர் வசதி என்றாலே பலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். வானத்துக்கு மிட்டாய் நிறம் பூசுகிற வேலை என்று நினைக்கிறார்கள். அது அந்த வசதியின் குற்றமில்லை, கையாளத் தெரியாதவர்கள் செய்கிற கூத்து.

விசாரணை அதிகாரியாக நீங்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அச்சகக் கட்டடம் இடிவதற்கு இரண்டு மாதம் முன்பு அதன் அடித்தளத்தை நான் படமெடுத்தபோது, என் கேமராவில் அந்த வசதி இருந்ததா, இல்லையா. இருந்தது. இதை ஒரு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போகலாம். ஆனால் கேமரா பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நீங்களே சொன்னீர்கள். தெரியாதவரிடம் அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பழக்கமில்லை.

ஜன்னல் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்குத் தகுந்தபடி எடுத்தால் ஜன்னல் வெறும் வெள்ளையாகிவிடும். ஜன்னலுக்குத் தகுந்தபடி எடுத்தால் அறை கறுத்துப்போகும். கண் இரண்டையும் பார்க்கும், கேமரா பார்க்காது. அதனால் அது ஒரே அழுத்தில் மூன்று படம் எடுத்துக்கொள்கிறது. ஒன்று வெளுப்பாக, ஒன்று இருட்டாக, ஒன்று நடுத்தரமாக. மூன்றையும் தனக்குள்ளேயே சேர்த்து ஒரு படமாகத் தருகிறது. மூன்று நான்கு நொடி ஆகும். கணினி வேண்டாம், நின்ற இடத்திலேயே திரையில் பார்த்துவிடலாம். கட்டடப் பாதுகாப்புப் பிரிவில் ஆறு வருடமாகப் படமெடுக்கிற என்னைப் போன்றவனுக்கு இதைவிட உபயோகமான சாமான் கிடையாது. மாடிப்படிக்கு அடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், உத்தரம் சுவரில் உட்காரும் மூலையில், விரிசல்கள் எல்லாம் இருட்டில்தான் இருக்கும்.

ஒரு குறை உண்டு. மூன்று படங்களுக்கு நடுவே எதுவும் அசையக் கூடாது. அசைந்தால் அது இரண்டாகவோ மூன்றாகவோ, கண்ணாடி போல, ஒன்றின்மேல் ஒன்றாக விழும். எங்கள் ஆட்கள் அதை 'ஆவி விழுந்துடுச்சு' என்பார்கள்.

அந்த அச்சகத்தில் இயந்திரப் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் என் அக்காவின் கணவர். அத்தான் என்று கூப்பிடுவேன். அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்கவைத்ததும், முதல் கேமராவை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். கேலி அவர் கூடப்பிறந்தது. மூன்று முறை படபடவென்று மூடித் திறக்கும் என் கேமராவின் சத்தம் கேட்டால், "என்ன மச்சான், கேமராவுக்கு விக்கலா? தண்ணி குடு" என்பார். அக்கா ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பாள்.

ஆய்வுக்குப் போன அன்று அவர்தான் என்னை அடித்தளத்துக்குக் கூட்டிப்போனார். காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் நடுத்தூண். அதில் மேலிருந்து சாய்வாக ஒரு விரிசல் இறங்கியிருந்தது. ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுக் காட்டினார். இரண்டாவது கணு வரை போயிற்று.

"போன வருஷம் நகம்தான் போச்சு. இதை நல்லா எடு மச்சான்."

எடுத்தேன். ஹெச்டிஆரில் எடுத்த படத்தில் அந்த விரிசலின் உள்பக்கம்கூடத் தெரிந்தது. துருப்பிடித்த கம்பி தெரிந்தது.

மறுநாள் எங்கள் பொறியாளர் அதைப் பார்த்தார். கோபப்படாத மனிதர். கட்டட உரிமையாளர் அவருக்கு வேண்டியவர் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். "படம்னா கண்ணு பாக்கற மாதிரி இருக்கணும் தம்பி. இருட்டா இருக்கற இடம் இருட்டாவே இருக்கட்டும். அந்த வசதியை நிறுத்திட்டு இன்னொரு தடவை எடுத்துட்டு வாங்க" என்றார். பேச்சோடு பேச்சாக, என் பணி நிரந்தரக் கோப்பு தன் மேஜையில்தான் இருக்கிறது என்றும் சொன்னார்.

போய் நிறுத்திவிட்டு எடுத்தேன். அவர் சொன்னது தொழில்முறையில் தப்பில்லை. நிறுத்திவைக்கக் கூடாது என்று எந்த விதியும் கிடையாது. தூண் இருந்த இடம் கறுப்பாக வந்தது. அறிக்கை போயிற்று. கட்டடத்துக்குத் தகுதிச் சான்று கிடைத்தது.

பத்து நாள் கழித்து, சாப்பிடும்போது அத்தான் கேட்டார்.

"அந்தத் தூணு படத்துல வந்துச்சா?"

"வந்துச்சு அத்தான்."

"அப்ப சரி. ஆளுங்க பயப்படறாங்க. மேலிடத்துக்கு எழுதிக் குடுத்தாச்சு, வந்து சரி பண்ணுவாங்கன்னு சொல்லிடறேன்."

சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒருவரும் பயப்படவில்லை. முழுப் பொய்யும் இல்லை, ஒரு படத்தில் வந்துதான் இருந்தது.

எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது ஒரு சனிக்கிழமை. அக்கா வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். கட்டடம் செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு இறங்கிவிட்டது. தேநீர் நேரம் என்பதால் வேலையாட்கள் எதிர்ப்பக்கக் கடையில் நின்றிருந்தார்கள். இரண்டே பேர்தான் உள்ளே. பின்னறையில் கண்ணயர்ந்திருந்த காவலாளி ஒருவர். இயந்திரத்தின் உருளையைத் துடைத்து முடித்துவிட்டு வருகிறேன் என்று நின்றுவிட்ட அத்தான் இன்னொருவர்.

பதிவுக்காக என்னை அனுப்பினார்கள். நான் போனபோது கயிற்றுக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றிருந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை.

"டேய், அவரு உள்ளதான்டா இருக்காரு."

"நான் பாத்துக்கறேன் அக்கா."

தீயணைப்பு அதிகாரிக்கு ஒரு சிக்கல். வெயில் உச்சியில் அடிக்கிறது. இடிபாட்டில் தலை நுழையாத இடுக்குகள். டார்ச் அடித்தால் தூசியில் பட்டு வெள்ளையாகத் திரும்புகிறது. நான்தான் அவரிடம் போய், இந்த மாதிரி ஒரு வசதி இருக்கிறது, கையை நீட்டி உள்ளே எடுத்துத் திரையில் பார்க்கலாம் என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது இடுக்குகளுக்குச் சாக்குக்கட்டியால் எண் போட்டார். மூன்றாவதில் ஒரு பாதம் தெரிந்தது. அரை மணி நேரத்தில் காவலாளியை உயிரோடு வெளியே எடுத்தார்கள். கூட்டம் கைதட்டியது. அதிகாரி என் தோளைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். அதற்கப்புறம் என் வாயிலிருந்து வருவதுதான் அவருக்கு வேதவாக்கு. உள்ளே ஆள் இல்லை என்று நான் சொன்னால் அந்த எண்ணின்மேல் பெருக்கல் குறி போடுவார், இடிபாடு அள்ளும் இயந்திரத்தை அந்தப் பக்கம் விடுவார்கள்.

ஏழாவது, சரிந்த கான்கிரீட் பலகைக்கு அடியில் ஒரு சாண் அகலம். படுத்துக்கொண்டு கையை விட்டு எடுத்தேன். ஜெனரேட்டர் சத்தம். அதிகாரி பத்தடி தள்ளி ஆறாவதன் அருகே யாருக்கோ கைகாட்டிக்கொண்டிருந்தார். திரை சற்று நேரம் கறுப்பாக இருந்துவிட்டுப் படம் வந்தது.

இரண்டு உத்தரங்களுக்கு நடுவே ஒரு கை. கட்டைவிரல் நகத்தில் மசிக் கறை. படம் தெளிவில்லை. விரல்கள் எட்டு ஒன்பது இருந்தன, ஒன்றின்மேல் ஒன்றாக, கண்ணாடி போல.

வேறு யார் பார்த்திருந்தாலும் படம் ஆடிவிட்டது என்றிருப்பார்கள். உத்தரம் ஆடவில்லை, கம்பி ஆடவில்லை, விரல் மட்டும் ஆடியிருக்கிறது. அதற்கு அர்த்தம் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். செத்த கையில் ஆவி விழாது.

நான் கவனமாக வேலை செய்கிறவன். இன்னொன்று எடுத்தேன். அது சேர்ந்து வருவதற்குள் மனிதன் எவ்வளவோ யோசிக்கலாம். அத்தான் வெளியே வருவார். கட்டிலில் படுத்தபடியே, தூணைக் காட்டினேனே, படத்தில் வந்தது என்று மச்சான் சொன்னானே என்பார். கெட்ட எண்ணத்தில் சொல்ல மாட்டார், அவருக்கு அது தெரியாது. உங்களைப் போன்ற ஒருவர் அந்தப் படத்தை எடுத்துப் பார்ப்பார். உத்தரவு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அக்கா என்னை எப்படிப் பார்ப்பாள் என்பதையும் யோசித்தேன். வேலையைவிட அதுதான் பெரிதாகத் தெரிந்தது என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாவது படத்தில் கை இடுக்கின் பக்கம் திரும்பியிருந்தது.

அப்போது குரல் வந்தது. ரொம்ப மெதுவாக. இருமலுக்கு நடுவே.

"மச்சான், நீயா?"

சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

நான் வாயை இடுக்கோடு வைத்து, "நான்தான் அத்தான். பேசாம இருங்க, தூசி உள்ள போயிடும். ஆளைக் கூட்டிட்டு வரேன்" என்றேன்.

"சரிடா" என்றார். பிறகு பேசவில்லை. நான் சொன்னால் கேட்பார்.

எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டேன். அதிகாரி புருவத்தை உயர்த்தினார். இல்லை என்று தலையை ஆட்டினேன். ஏழின்மேல் பெருக்கல் குறி போட்டார். எட்டாவது, ஒன்பதாவது இடுக்குகளையும் ஒழுங்காக எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மணிக்கு இயந்திரம் அந்தப் பலகைமேல் ஏறியது. மறுநாள் மதியம்தான் அவரை எடுத்தார்கள். மருத்துவர் எழுதியிருந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள், மூன்று மணி நேரத்துக்குமேல் உயிர் இருந்திருக்கலாம் என்று. அந்த வரி தவறில்லை.

அதிகாரி அக்காவிடம் வந்து, "உங்க தம்பி மாதிரி ஒருத்தர் பாடுபட்டு நான் பார்த்ததில்லைம்மா" என்றார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"கஷ்டம் தெரியாம போயிருப்பாரு இல்ல?"

"தெரிஞ்சிருக்காது அக்கா."

இப்போது நான் அக்கா வீட்டிலேயே இருக்கிறேன். வேலைக்குப் போகிறேன். எந்தப் படம் எடுத்தாலும் முதலில் விரல்களை எண்ணுகிறேன், மனிதர்களே இல்லாத படத்திலும். திரைச்சீலையின் ஓரம், நெளிந்த இரும்புக் கதவு, ஒரு குழாயின் நிழல், எங்காவது ஐந்துக்குமேல் ஏதோ இருக்கிறது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. அசைந்தால் அப்படி விழும், அவ்வளவுதான். ஆனால் பூட்டிக் கிடக்கிற, காற்றே நுழையாத கிடங்கில் எடுத்த படத்திலும் விழுகிறது. சில வாரம் அந்த வசதியை நிறுத்திப் பார்த்தேன். அது இன்னும் மோசம். ஒவ்வொரு படத்திலும் ஒரு மூலை கறுப்பாக வருகிறது, கறுப்பில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. காது அந்தப் பக்கமே போகிறது. திரும்பவும் போட்டுக்கொண்டேன்.

போன வாரம் அக்கா சுவரில் மாட்ட ஒரு படம் கேட்டாள். பழைய படங்களைக் காட்டினேன். எல்லாவற்றையும் ஒதுக்கினாள்.

"இதெல்லாம் இளமையில எடுத்ததுடா. இருந்தபடியே இருக்கணும். கடைசியா நீ அவரை எடுத்த படம் எது? அதைக் குடு."

தேடித் தருகிறேன் என்றேன். தினமும் கேட்கிறாள். கோபமில்லாமல், காப்பி ஆற்றிக்கொண்டே கேட்கிறாள். அதற்கு நடுவில்தான் உங்கள் கடிதம் வந்தது.

கட்டடத்தைப் பற்றிய கேள்விக்குப் பொறியாளரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். ஏழாவது இடுக்குக்கு அவர் தேவையில்லை. அத்தான் உயிரோடு இருந்தார், என்னைக் கூப்பிட்டார், அவரை வாய்மூடி இருக்கச் சொல்லிவிட்டு ஒருவருமில்லை என்று சொன்னவன் நான். அதனால் செத்தார். இதை என் கையாலேயே எழுதித் தருகிறேன். இந்த உறையில் மெமரி கார்டு இருக்கிறது. இரண்டு படமும் அதில் அழியாமல் இருக்கின்றன, அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரே ஒரு உதவி. அக்காவிடம் மட்டும் இதைச் சொல்லாதீர்கள். தாங்க மாட்டாள், பாவம். அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?