முட்டையும் இல்லை, பாலும் இல்லை

சிங்கப்பூரில் சைவம் தழைத்ததற்குக் காரணங்கள் மூன்று: கோயில்கள், குழாய்த் தண்ணீர், தனசேகரனாகிய நான். இதை நான் சொல்லவில்லை. புலால் மறுப்போர் சங்கத்தின் மேடையில் செயலாளர் சேதுபதி ஒலிபெருக்கியில் சொன்னார். எழுதிக் கொடுத்தது மட்டும்தான் நான்.

பஃபலோ ரோட்டில் என் மளிகைக்கடையை நீங்கள் பார்த்திருப்பீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த வட்டாரத்தில் ஒரு சைவக்காரர் பயமில்லாமல் வாங்கக்கூடிய ரொட்டிச் சாமான் ரஸ்க் ஒன்றுதான். கேக் என்றால் முட்டை, பன் என்றால் பால், பிஸ்கட் என்றால் என்ன கொழுப்போ யாருக்கும் தெரியாது. விரதக்காரர்கள் கண்ணாடி அலமாரியை எட்டிப் பார்த்துவிட்டு வாழைப்பழம் வாங்கிப் போவார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. தேங்காய்ப்பாலும் வாழைப்பழமும் சோடா மாவும் போட்டு ஒரு கேக் செய்யச் சொன்னேன். மேலே ஒரு லேபிள், பச்சை எழுத்தில்: முட்டையும் இல்லை, பாலும் இல்லை. சீனத்திலும் அச்சடித்தேன். வாட்டர்லூ ஸ்திரீட் கோயிலுக்கு வரும் சீன அம்மாக்கள் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் சைவம் சாப்பிடுகிறவர்கள். அவர்களும் வரட்டும் என்றுதான்.

அந்தக் கேக்கைச் செய்து கொடுத்தவர் சிலுவைராஜ். ஜாலான் புசார் பக்கம் ஒரு சந்தில் அடுப்பு வைத்திருந்தார். ஞாயிறு பூசை தவறாத மனிதர். என் கடை மாடியில்தான் குடும்பத்தோடு வாடகைக்கு இருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கேக் நன்றாக இல்லை. கீழே விழுந்தால் சத்தம் கேட்கும். ஒரு டாக்சிக்காரர், "அண்ணே, இதுக்குக் கத்தி தர்றீங்களா, கோடாலி தர்றீங்களா?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டார். அதே சமயம் தோ பாயோவில் ஏர்கான் போட்ட சூப்பர்மார்க்கெட் வந்துவிட்டது. அங்கே பிளாஸ்டிக் உறைக்குள் பஞ்சு மாதிரி கேக். அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழும்பும். என் கேக்கை வாங்கியவர்கள் கொள்கைக்காக வாங்கினார்கள். கொள்கைக்காக ஒருவர் எத்தனை தரம் பல்லைப் பணயம் வைப்பார்?

பிறகு ஒரு தைப்பூச வாரம். கடையில் நிற்க இடமில்லை. வந்த கேக் அவ்வளவும் பகல் முடிவதற்குள் தீர்ந்துவிட்டது. வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து இன்னும் இருக்கிறதா என்றார்கள். சிலுவைராஜின் கைப்பக்குவம் ஒருவழியாகத் தேறிவிட்டது என்று மகிழ்ந்துகொண்டிருந்தபோது அவரே போன் செய்தார்.

"அண்ணே, தட்டு மாறிப் போச்சுலா. உங்க கடைக்கு வந்தது கல்யாண ஆர்டர். முட்டை போட்டது. உடனே திருப்பி அனுப்புங்க."

"எல்லாம் வித்துப் போச்சு."

"ஐயையோ. யாரு சாப்பிட்டா?"

"பூரா காவடிக்காரங்க."

போனின் அந்தப் பக்கம் "ஏசுவே" என்று கேட்டது. சிலுவைக் குறி போட்டுக்கொண்டிருப்பார். என் கேக் போன கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குப் பல் ஆடியதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

அடுத்த வாரம் பழைய கேக்கே வந்தது. நான் நேர்மையாகத்தான் இருக்கப் பார்த்தேன். ஆனால் ஆட்கள், "போன வாரம் குடுத்தீங்களே, அதைக் குடுங்க" என்றார்கள். மக்கள் கேட்பதைக் கொடுப்பதுதான் வியாபாரம். சிலுவைராஜிடம், தட்டு இனி மாறியே வரட்டும் என்றேன். மாட்டேன் என்றார். நான் எதையும் வற்புறுத்தவில்லை. மாடி என்னுடையது என்று நினைவூட்டினேன், அவ்வளவுதான். அவருக்கு மூன்று பெண்கள். லேபிளை மாற்றவில்லை, கட்டுக்கட்டாக அச்சடித்து வைத்திருந்தேன், வீணாகும்.

அந்த வருடமே சங்கம் எனக்குச் 'சைவச் செம்மல்' பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தியது. பொன்னாடை என்றால் வீட்டுக்குப் போனதும் கழற்றி மடித்து வைத்துவிடலாம் என்று நினைப்பீர்கள். முடியாது, ஐயா. அதைப் போர்த்திய கையெல்லாம் மறுநாள் காலையில் கேக் வாங்க வந்து நிற்கும். கோயில் அன்னதானத்துக்குக் கேட்டார்கள். ஜூரோங் தொழிற்சாலை கேண்டீனில் கேட்டார்கள். தெம்பனிஸில் புதிதாகக் குடியேறியவர்கள் அங்கேயும் கிடைக்க வழி செய்யச் சொன்னார்கள். ஒவ்வொருவர் கேட்கும்போதும் எனக்கு அறையில் ஒரு ஜன்னல் சாத்தப்படுவது போல இருக்கும். ஆனாலும் சரி என்றேன். ஒரு பெரிய மனிதன் காரணம் சொல்லாமல் இல்லை என்று சொன்னால் ஊர் காரணம் தேடும்.

இனி என் மனைவி கமலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கமலா சைனாடவுனில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் ஒரு தோழியின் பிறந்தநாளுக்குக் கேக் சாப்பிட்டு, உதடு வீங்கி, மூச்சடைத்து, ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். முட்டை ஆகாது என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். அதற்குமேல் வீசிங்கும் உண்டு. பெண் பார்க்கப் போன அன்றே அவள் அப்பா இதைச் சொன்னார். சைவக் குடும்பத்தில் அதனால் என்ன என்று நான்தான் பெருந்தன்மையாகச் சிரித்தேன்.

ஆகவே அவள் அந்தக் கேக்கைத் தொடாமல் பார்த்துக்கொண்டேன். இதை நீங்கள் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும். வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டேன். சர்க்கரை உனக்கு ஆகாது என்பேன். விற்கிற பொருளை வீட்டில் தின்றால் தரித்திரம் என்பேன். "அப்படி என்னங்க சாஸ்திரம்?" என்று சிரிப்பாள். கேட்டுக்கொள்வாள். என்னைப்போல் மனைவியைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்த கணவன் சிராங்கூன் வட்டாரத்தில் அதிகம் இருக்க மாட்டான்.

சங்கத்தின் ஆண்டுவிழா போன மாதம் நடந்தது. ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் ஒரு மண்டபம். எனக்கு இரண்டாவது பொன்னாடை. மேடையில் நடு மேசையில் மூன்று அடுக்கில் என் கேக், மேலே பச்சை எழுத்தில் லேபிளின் வாசகம். சேதுபதிக்கு ஒலிபெருக்கி கையில் கிடைத்தால் வாய் நிற்காது.

"செம்மல் மேல எனக்கு ஒரு கோபம். ஊருக்கெல்லாம் கேக் குடுக்கிறாரு, வீட்டம்மாவுக்கு மட்டும் ஒரு துண்டு குடுத்ததில்லையாம். சைனாடவுன்ல கேலி பண்றாங்க, செம்மல் வீட்டுலயே அதை நம்ப மாட்டாங்க போலன்னு."

மண்டபம் சிரித்தது. கமலா சிரிக்கவில்லை. பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நேராக மேடைக்கு வந்தாள். அவள் மேடை ஏறி நான் பார்த்ததே இல்லை.

"என்னங்க, நான் சாப்பிடுறேன்" என்றாள் மெதுவாக. "உங்களை ஒருத்தர் ஒரு சொல் சொல்ல விடுவேனா?"

"சர்க்கரை ஆகாது உனக்கு."

"ஒரு துண்டுதானே. உங்க கேக்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

அப்போது யாரோ, "ஊட்டி விடுங்க செம்மலே" என்று கத்தினார்கள். பிறகு எல்லோரும் கை தட்டி அதையே சொன்னார்கள். போட்டோக்காரர் எங்களைக் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னார்.

வழிகள் இருந்தனவா என்று நீங்கள் கேட்பீர்கள். யோசித்துப் பார்த்தேன். மயங்கி விழலாம், எனக்கு நடிப்பு வராது. தட்டைத் தள்ளிவிடலாம், விலை உயர்ந்த விரிப்பு. ஒரு வார்த்தை சொல்லலாம்; நானூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், பாதிப் பேர் அந்தக் கேக்கோடு விரதம் முடித்தவர்கள். பின்னால் சேதுபதி, முன்னால் கேமரா, பக்கத்தில் கமலா வாயைத் திறந்துகொண்டு. அசைய இடமில்லை. கத்தி என் கையில் இருந்தது. சின்னத் துண்டாகத்தான் வெட்டினேன். என் தரப்பில் இதைச் சொல்ல நான் தயங்க மாட்டேன்: மற்ற எல்லோருக்கும் வெட்டியதைவிடச் சின்னது.

ஊட்டினேன். கை தட்டினார்கள்.

"மெத்துனு இருக்குங்க" என்றாள். அவ்வளவு சந்தோஷம் அவள் முகத்தில்.

சேதுபதி நன்றியுரையில் பாதி தாண்டுவதற்குள் அவள் கழுத்தைத் தடவத் தொடங்கினாள். உதடு தடித்தது. மூச்சு விசிலடித்தது. கூட்டத்தில் வீசிங் வந்துவிட்டது என்று நான்தான் முதலில் சொன்னேன். எல்லோரும் அதையே சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இளைஞர், சீனர். இங்கிலீஷில் கேட்டார்: என்ன சாப்பிட்டார், ஏதாவது ஒவ்வாமை உண்டா, முட்டை, கடலை, இறால்? பிறவிச் சைவம், எங்கள் வீட்டில் முட்டை நுழைந்ததே இல்லை, ஆஸ்த்துமா பழையது என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு உள்ளே போனார். ஜைனப் என்ற நர்ஸ் மட்டும் போகவில்லை. நம்ம ஊர் முஸ்லிம் பெண். கமலாவின் உதட்டைப் பார்த்திருக்கிறாள்.

"அங்கிள், இது வெறும் ஆஸ்த்துமா மாதிரி தெரியல. கேக் சாப்பிட்டாங்கன்னு வந்தவங்க சொல்றாங்க. அதுல முட்டை இருந்துச்சா? இருந்தா வேற ஊசி போடணும். சொல்லுங்க அங்கிள், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

நடைவழியில் சேதுபதியும் சங்கத்து ஆட்களும் நின்றிருந்தார்கள். சேதுபதிக்குக் காது கூர்மை.

"அது என் கேக்மா" என்றேன். "லேபிள்லயே போட்டிருக்கே."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். விளக்கு வைக்கிற நேரத்தில் கமலா போய்விட்டாள். ஆஸ்த்துமா என்று எழுதிக் கொடுத்தார்கள். யாருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. சேதுபதி என் தோளில் சாய்ந்து அழுதார்.

சங்கம் இப்போது கமலா அம்மாள் நினைவுப் பரிசு என்று ஒன்று வைக்கப் போகிறது. முட்டை சேர்க்காத கேக் போட்டி. முதல் துண்டை நான் சுவைத்துத் தொடங்கி வைக்க வேண்டுமாம். சரி என்றுதான் சொன்னேன். எனக்கு வேறு சொல் வருவதில்லை.

முந்தாநாள் சிலுவைராஜ் மாடியிலிருந்து இறங்கி வந்தார். முகத்தில் சவரம் இல்லை.

"அண்ணே, அண்ணி மூஞ்சி கண்ணுக்குள்ளயே நிக்குது. திங்கக்கிழமை போலீஸ்ல சொல்லிடப் போறேன். முட்டை போட்டது என் கைதான், அதையும் சொல்லுவேன்."

வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்றேன்.

"பண்ணிடுறேண்ணே. சாமான் கட்டிட்டோம்."

வாழ்க்கையில் முதல்முறையாக மாடி பயன்படவில்லை. இன்று சனிக்கிழமை. முந்திக்கொள்வது என் வியாபாரப் பழக்கம், அதனால் வந்தேன். இல்லையென்றால் வந்திருக்க மாட்டேன்; இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். முட்டை போட்டவர் சிலுவைராஜ், போட வைத்தவன் நான். அது அவளுக்கு விஷம் என்று தெரிந்து ஊட்டியவன் நான். காப்பாற்றக் கேட்டவளிடம் பொய் சொன்னவனும் நான்தான். என் மனைவியை நான் கொன்றேன். சைவத்துக்காகத்தான் செய்தேன், இந்த விஷயம் வெளியே போனால் இந்த ஊரில் எத்தனை பேரின் நம்பிக்கை போகும், யோசித்தீர்களா? பெயருக்கு முன்னால் செம்மல் என்று போட்டுவிடுங்கள், அது அரசாங்கப் பட்டம் இல்லை, பறிக்க முடியாது.

உங்கள் ஆள் பசியாறக் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். வேண்டாம். எதிரே உள்ள காப்பிக்கடையில் ரொட்டியும் இரண்டு அரைவேக்காட்டு முட்டையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன், தினமும் சாப்பிடுவதுதான்.