ஒலியைத் திருத்தியவர்

“என்ர காதை இனி நான் நம்பமாட்டன், மச்சான்.”

வவுனியாவுக்குச் செல்லும் பேருந்து மாங்குளத்தைக் கடந்தபோது, எனக்கு முன்னிருக்கையில் இருந்த நரைத்தலைக்காரர் தம் மனைவியின் தம்பியிடம் இப்படிச் சொன்னார். என் மடியில் புத்தகம் விரிந்தே இருந்தது, பக்கம் புரளவில்லை.

“ஏன் அத்தான்? உங்கட ஸ்ட்ரீமர் பழுதாப்போச்சோ?”

“பழுதில்லை. நெற்றில இருந்து பாட்டெடுக்கிற அந்தப் பெட்டியை ரெண்டு மாசமாய் இருந்து சரிப்படுத்தினனான். பாஸ் அதிர்வைக் குறைச்சு, குரலை முன்னுக்குக் கொண்டுவந்து... போன கிழமை ஒரு அப்டேட்டும் போட்டன். சத்தம் தேன் மாதிரி! என்ர கைவண்ணமெண்டு வாறவைக்கெல்லாம் போட்டுக் காட்டி, கண்ணை மூடித் தலையாட்டினனான்.”

“நல்லதுதானே?”

“நேற்றுத்தான் பாத்தன். அப்டேட் போட்ட உடனையே நான் செய்த செற்றிங் முழுக்க அழிஞ்சுபோச்சு. கடையால கொண்டுவந்த மாதிரியே கிடக்குது.”

இளையவர் சிரிப்பை அடக்க முயன்று தோற்றார்.

“அப்ப, சத்தம் கெடுமெண்டு அக்காவை ஃபான் போடவிடாமல் அவிய வைச்சது?”

“அதுதானே பயம்.”

“அவாவுக்குச் சொல்லிப்போட்டீங்களோ?”

“எனக்கென்ன விசரே? பின்னேரம் நானே போய் ஃபானைப் போட்டன். ‘இப்ப சத்தம் கெடாதோ?’ எண்டு கேட்டா. ‘இல்லையப்பா, புது அப்டேட் வந்திருக்கு, இனி ஃபானும் போடலாம்’ எண்டன்.”

“நம்பினவாவோ?”

“‘அந்த அப்டேட்டைச் செய்தவருக்கு வீட்டில ஒரு மனிசி இருக்கிறா போல’ எண்டா.”