மரகதத்தின் நட்சத்திரம்

திருவரங்குளத்தில் பேருந்து கிளம்பும்போதுதான் ஒரு அம்மா கோயிலிலிருந்து ஓடிவந்து ஏறினார். என் முன் இருக்கையில் அவருடைய மருமகள் இடம் பிடித்து வைத்திருந்தாள். அவள் மடியில் தடியாக ஒரு ஆய்வேடு.

“மரகதம் பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டேன்,” என்றார் மாமியார்.

“எந்த மரகதம், அத்தை?”

எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“நீ சாயங்காலம் வாசிச்சுக் காட்டுறியே, அந்தப் பொண்ணுதான். பொம்பளைக்கு லேப் எதுக்குன்னு வெள்ளைக்காரன் காலத்துல வெளிய நிறுத்திட்டாங்கள்ல. எனக்கு மனசே ஆறல.”

“அது நாவல், அத்தை. கற்பனை.”

“இருக்கட்டும். கதையில வந்தாலும் புள்ள புள்ளதான?”

மருமகள் சிரித்தாள். “குருக்கள் நட்சத்திரம் கேட்டிருப்பாரே?”

“கேட்டாரு. அதுக்கு நான் எங்கிட்டுப் போறது? ஒன் நட்சத்திரத்தச் சொல்லிட்டேன்.”

“என்னோடதையா?”

“ஒனக்கும் இன்னைக்குத்தான பிஎச்.டி. வைவா. அந்தப் புள்ள நின்ன மாதிரி கதவுக்கு வெளிய இன்னைக்கு நான் நின்னுக்கிறேன். நீ உள்ள போயிப் பேசிட்டு வா.”