தலை கிள்ளிய ரப்பர் கன்றுகள்

சிகாமட் ஸ்டேஷனில் வடக்கே போகும் ரயிலுக்குக் காத்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் மூட்டை முடிச்சோடு இருந்த பெண் சொன்னது காதில் விழுந்தது.

“நல்லதுக்குத்தான்க்கா அத்தனை ரப்பர் கன்னுக்கும் தலையைக் கிள்ளினேன்.”

வழியனுப்ப வந்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஏண்டி?”

“நுனிக் கொழுந்து மாமியா மாதிரிக்கா. அது இருக்கிற வரைக்கும் பக்கக் கிளை தலைதூக்காது. ஊர்ல முருங்கைக்கு அப்படித்தானே கிள்ளுவோம்?”

“ரப்பர் ஒத்தை மரமா நெட்டையா வளரணும்டி. அடியிலேயே கிளைச்சிட்டா எங்க வெட்டிப் பால் எடுக்கிறது?”

“கங்காணியும் அதைச் சொல்லித்தான் என்னை வேலையை விட்டு நிறுத்திட்டாரு.”

“போற எடத்துலயாவது கையை வச்சிக்கிட்டுச் சும்மா இரு.”

“எப்படிக்கா? அது மலைமேல தேயிலைத் தோட்டம். கொழுந்து கிள்ளத்தான் கூப்பிட்டிருக்காங்க.”